இருவர் போகும் வியட்நாம் பயணத்தில் மூன்றாவது ஆள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்களுக்கு 54 வயது, மனைவிக்கு 50. திருமணமாகி 25 ஆண்டுகள் நிறைவதை ஒட்டி, நவம்பர் முதல் வாரத்தில் 8 இரவு வியட்நாம் பயணத்துக்குப் பிள்ளைகள் பணம் கட்டத் தயாராக இருக்கிறார்கள். ஹனோயில் 2 இரவு, ஹாலோங் விரிகுடாவில் கப்பலில் 1 இரவு, தா நாங்கில் 3, சைகோனில் 2. வழிகாட்டியும் காரும் உங்களுக்கென்றே தனியாக வரும் 'பிரைவேட்' பேக்கேஜ் ஒன்று. மற்ற பயணிகளோடு பஸ்ஸில் போய்வரும் 'சீட் இன் கோச்' பேக்கேஜ் இன்னொன்று. விலை வித்தியாசம் பெரிது, எதை எடுப்பது என்று கேட்கிறீர்கள். மனைவி சைவம், முழங்கால் வலியும் உண்டு என்று சேர்த்திருக்கிறீர்கள். எல்லாம் எழுதி முடித்த பிறகு, போகிற போக்கில் ஒரு வரி: "நாங்கள் இருவர் மட்டும் இதுவரை எங்கும் போனதில்லை, காலையிலிருந்து இரவு வரை ஓர் அந்நியர் கூடவே இருந்தால் எப்படி இருக்கும் என்று மனைவி கேட்கிறாள்." உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். விலையைப் பற்றிய கேள்விக்கும் இதற்குள்ளேயே பதில் இருக்கிறது.

நான் கோவையில் 19 ஆண்டுகளாக வெளிநாட்டுப் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கிறேன். வியட்நாமுக்குக் குழுக்களைக் கூட்டிக்கொண்டு பல முறை போயிருக்கிறேன். தம்பதிகளைத் தனியாக அனுப்பியும் இருக்கிறேன். உங்களுக்குக் கொடுத்த பயணத் திட்டத்தின் தாளை நான் பார்க்கவில்லை என்பதால், சொன்ன விலை நியாயமா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். டாலர் மதிப்பும் விமானக் கட்டணமும் வாரத்துக்கு வாரம் மாறுபவை. ஆனால் எந்த நாளுக்கு வழிகாட்டி தேவை, எந்த நாளுக்குத் தேவையில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் சொன்ன திட்டத்தில் 4 நாட்களுக்கு வழிகாட்டி போதும். மிச்ச நாட்களுக்குக் கார் மட்டும் இருந்தால் போதும். சில மாலைகளில் காரும் வேண்டாம்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நவம்பர் முதல் வாரத்தில் தா நாங்கில் 3 இரவு என்பது எனக்குக் கவலை தருகிறது. வியட்நாம் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் நாடு. வடக்கு, நடு, தெற்கு மூன்றுக்கும் வானிலை வேறு வேறு. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் அடை மழை கொட்டுகிறதே, அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கே நடு வியட்நாமின் கடற்கரையிலும் மோதுகிறது. பின்னால் சுவர்போல நிற்கும் ட்ரூவோங் சோன் மலைத்தொடர் அந்த ஈரத்தையெல்லாம் தடுத்து அங்கேயே இறக்கிவிடுகிறது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நடுப்பகுதி ஊர்களான தா நாங், ஹோய் ஆன், ஹுவே மூன்றுக்கும் மழைக்காலம். அதிலும் அக்டோபரும் நவம்பரும் உச்சம். 2025 அக்டோபர் கடைசி வாரத்தில் ஹோய் ஆனின் பழைய நகரமே வெள்ளத்தில் மூழ்கி, தெருக்களில் படகு விட்டார்கள். ஒவ்வொரு நவம்பரும் அப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. மூன்று நாளும் வெயில் அடித்து, மகிழ்ச்சியோடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 25 ஆண்டு காத்திருந்து போகும் பயணத்தை அந்த நம்பிக்கையில் வைக்க எனக்கு மனம் வராது.

இரண்டு வழி இருக்கிறது. தேதியை மாற்ற முடியுமானால் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் போங்கள். வடக்கில் கொஞ்சம் மூடுபனி இருக்கலாம், தெற்கில் வெயில் நம் ஊர் போலவே இருக்கும், நடுப்பகுதி அருமையாக இருக்கும். மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடைவெளி இல்லை. ஏப்ரல் 30, மே 1 அங்கே தேசிய விடுமுறை என்பதால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் 'தெத்' புத்தாண்டின்போது கடைகளும் உணவகங்களும் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும். திருமண நாளன்றே அங்கே இருக்க வேண்டும், நவம்பரை மாற்றவே முடியாது என்றால், நடுப்பகுதியை முழுவதும் விட்டுவிட்டு வடக்குக்கு நாட்களைக் கூட்டுங்கள். நவம்பரில் வடக்கு மிக நன்றாக இருக்கும். மழை ஓய்ந்து, குளிர் தொடங்காத காலம். ஹனோயிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் நின் பின் இருக்கிறது. சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஆற்றில் படகு போகும். தாம் கோக் என்ற இடத்தில் படகோட்டும் பெண்கள் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு காலாலும் துடுப்புப் போடுவார்கள். பக்கத்தில் உள்ள த்ராங் ஆன் 2014 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. தா நாங்கின் 3 இரவில் இரண்டை அங்கே வைக்கலாம்.

இனி வழிகாட்டி. பேக்கேஜ் தாளில் 'ஆங்கிலம் பேசும் வழிகாட்டி' என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். பயணம் முழுக்க ஒரே ஆள் கூட வருவார் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. பெரும்பாலும் ஹனோயில் ஒருவர், தா நாங்கில் ஒருவர், சைகோனில் ஒருவர். விமான நிலையத்தில் ஒருவர் விட்டுவிட்டுப் போவார், அடுத்த ஊரில் பெயர் எழுதிய அட்டையோடு இன்னொருவர் நிற்பார். ஆகவே உங்கள் மனைவி பயப்படும் 'கூடவே இருக்கும் அந்நியர்' ஒருவர் அல்ல, மூவர். இதில் நல்லதும் உண்டு. ஒருவரோடு ஒத்துப்போகாவிட்டால் இரண்டு நாளில் அவர் மாறிவிடுவார். அங்குள்ள சட்டப்படி வழிகாட்டி வியட்நாம் குடிமகனாக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளை அழைத்துப் போக அதற்கென்று உள்ள அட்டையும் வேண்டும். நம் ஊரிலிருந்து குழுவோடு வரும் தமிழ் மேலாளர் உங்கள் சாப்பாட்டையும் அறையையும் கவனிக்கலாம். கோயில் வாசலில் நின்று விளக்கம் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. 'தமிழ் வழிகாட்டி உண்டு' என்று யாராவது விளம்பரம் செய்தால், இடங்களை விளக்கப்போவது யார், அவரிடம் அந்த அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.

வழிகாட்டி வந்ததும் உங்கள் வயதைக் கேட்கலாம். மனைவியின் வயதையும் கேட்கலாம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வியட்நாம் மொழியில் நான், நீ என்பதற்குப் பதிலாக அண்ணன், அக்கா, தம்பி, சித்தப்பா என்று உறவுப் பெயர்களையே போட்டுப் பேசுகிறார்கள். வயது தெரியாமல் ஒருவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. முகம் தெரியாதவரையும் அண்ணா, அக்கா என்று அழைத்துப் பழகிய நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. இதை முதலிலேயே சொல்லி அனுப்பினால், அந்நியர் என்ற கூச்சம் முதல் மணி நேரத்திலேயே பாதி குறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வழிகாட்டி அவசியம் என்று நான் சொல்லும் முதல் நாள் ஹனோய். பழைய நகரத்தில் சாலையைக் கடப்பதே ஒரு கல்வி. மோட்டார் சைக்கிள்கள் நிற்காது. நாம் ஓடக் கூடாது, தயங்கக் கூடாது, பின்வாங்கவே கூடாது. ஒரே வேகத்தில் மெதுவாக நடந்தால் அவை நம்மைச் சுற்றிப் பிரிந்து போகும். முழங்கால் வலி உள்ளவரை முதல் தடவை ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போவது நல்லது. 1070இல் எழுந்த இலக்கியக் கோயிலில், தேர்வில் தேறிய அறிஞர்களின் பெயர் பொறித்த 82 கல்வெட்டுகள் கல் ஆமைகளின் முதுகில் நிற்கின்றன. சொல்ல ஆள் இல்லாவிட்டால் அவை வெறும் கற்கள்தான். நாட்டின் விடுதலைத் தலைவர் ஹோ சி மின்னின் உடல் வைக்கப்பட்டுள்ள மண்டபம் காலையில் மட்டும் திறந்திருக்கும். திங்களும் வெள்ளியும் மூடியிருக்கும். ஆண்டுதோறும் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் மூடுவதும் உண்டு. நீங்கள் ஹனோயில் இருக்கும் நாள் என்ன கிழமை என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

ஹாலோங்குக்கு வழிகாட்டி வேண்டவே வேண்டாம். கப்பலிலேயே ஒருவர் இருப்பார். எல்லாப் பயணிகளுக்கும் சேர்த்து அவர்தான் சொல்வார். தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல கப்பலுக்குக் கொடுங்கள், பால்கனி உள்ள அறை கிடைக்கும். '2 நாள் 1 இரவு' என்று விளம்பரத்தில் இருந்தாலும், பொதுவாக நண்பகலில் ஏற்றி மறுநாள் காலை பதினொன்றுக்குள் இறக்கிவிடுவார்கள். அந்த ஒரு நாளுக்குள் குகை, தீவு, கயாக் படகு என்று அடுக்கிவைத்திருப்பார்கள். சுங் சோத் குகையில் படிகள் அதிகம், தீ தோப் தீவின் உச்சிக்கு இன்னும் அதிகம். உங்கள் மனைவி ஏற வேண்டியதில்லை. மற்ற எல்லோரும் இறங்கிப் போன பிறகு மேல்தளத்தில் இருவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் ஹாலோங்கிலேயே சிறந்தது என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். காற்று பலமாக இருந்தால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். அப்போது கோபப்படாதீர்கள். 2025 ஜூலையில் திடீரென்று அடித்த சூறைக்காற்றில் அங்கே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து பலர் இறந்துபோனார்கள். கப்பல் போகாவிட்டால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் போய் நடுப்பகுதியையும் பார்ப்பதானால், வழிகாட்டியின் அருமை தெரிய மீ சோனுக்குப் போக வேண்டும். ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இன்றைய நடு வியட்நாமில் இருந்த சம்பா நாட்டின் அரசன் பத்ரவர்மன் சிவனுக்கு அங்கே கோயில் எடுத்தான். அதன் பின் பல நூற்றாண்டுகள் செங்கல்லால் கோயில்கள் எழுந்தபடி இருந்தன. 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் அவற்றில் மிக உயர்ந்த கோபுரம் விழுந்தது. நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே சில ஆண்டுகள் சீரமைப்புப் பணி செய்தது; 2020இல் அந்தப் பணியின்போது ஒற்றைக் கல்லில் செய்த சிவலிங்கம் ஒன்று வெளிப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதியை அங்கே நானே கூட்டிப் போனேன். கணவர் கட்டட ஒப்பந்தக்காரர், அதிகம் பேசாதவர். வழிகாட்டி இளம் பெண். மனப்பாடமாக வரலாறு சொல்லிக்கொண்டிருந்தவள், அவர் கேட்காமல் சுவருக்குப் பக்கத்தில் போய் நிற்பதைப் பார்த்தாள். அவர் இரண்டு செங்கல்லுக்கு நடுவே கட்டை விரல் நகத்தை வைத்து, மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார். நகம் எங்கும் இறங்கவில்லை. சாந்து இருந்த அடையாளமே இல்லை. அவள் பேச்சை நிறுத்திவிட்டு, "நீங்கள் கட்டடம் கட்டுபவரா?" என்று கேட்டாள். பிறகு அரை மணி நேரம் மரப் பிசினைக் குழைத்து ஒட்டினார்கள் என்று ஒரு கருத்து, செங்கல்லை ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தினார்கள் என்று இன்னொரு கருத்து என்று இருவரும் பேசினார்கள். ஆராய்ச்சியாளர்களும் இதில் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. அவர் மனைவி என் பக்கத்தில் வந்து, "வீட்டில்கூட இவர் வேலையைப் பற்றி இப்படிப் பேசிக் கேட்டதில்லை" என்றார். அன்று மாலை காரில் கணவர் தன் முதல் கட்டடத்தைப் பற்றி மனைவிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பெண் ஹோய் ஆன் வரும்வரை முன் இருக்கையில் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படி ஒருவர் அமைந்தால், அந்த ஒரு நாளுக்குக் கொடுத்த பணம் முழுவதும் தகும்.

மீ சோனுக்கு காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். தா நாங்கிலிருந்து பஸ்கள் வந்து சேர்வதற்குள் பாதி பார்த்துவிடலாம். வாசலிலிருந்து கோயில்களுக்கு அருகில் வரை மின்கலத்தில் ஓடும் வண்டி இருக்கிறது, முழங்காலுக்குப் பயமில்லை. அதனால் தா நாங்கில் 3 இரவு என்பதை, ஹோய் ஆனில் 2, தா நாங்கில் 1 என்று மாற்றச் சொல்லுங்கள். 2025 ஜூலையில் மாகாணங்களை இணைத்ததில் ஹோய் ஆனும் தா நாங் மாநகரத்துக்குள் வந்துவிட்டது. தாளில் 'தா நாங்' என்று இருந்தாலும் ஓட்டல் உண்மையில் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 30 கிலோமீட்டர் இருக்கிறது. பா நா மலையில் இரண்டு பெரிய கைகள் தாங்கும் தங்கப் பாலத்துக்கு வழிகாட்டி தேவையில்லை. கேபிள் காரில் ஏறி, பார்த்து, இறங்கி வரவேண்டியதுதான். கூட்டம் அதிகம். எனக்குப் பெரிதாக ஈர்ப்பில்லாத இடம், ஆனால் நான் அனுப்பியவர்களில் பெரும்பாலோருக்குப் பிடித்திருக்கிறது.

ஹோய் ஆன் மாலைகளில் வழிகாட்டி கூடவே கூடாது. இதை நான் பிடிவாதமாகவே சொல்வேன். பழைய நகரத்தில் மாலையில் வண்டி விடுவதில்லை. மஞ்சள் சுவர்கள், தெருவுக்குக் குறுக்கே பட்டு விளக்குகள், ஆற்றங்கரையில் காகித விளக்கு விற்கும் பாட்டிகள். வழி தவறினாலும் ஐந்து நிமிடத்தில் ஆற்றங்கரைக்கு வந்துவிடலாம். சேலையோடு நடக்கும் உங்கள் மனைவியைப் பார்த்துக் கடைக்காரப் பெண்கள் அழைத்துப் பேசுவார்கள், பேசட்டும். தையற்கடைகள் ஒரே நாளில் உடை தைத்துத் தருபவை. அளவு கொடுக்கப் போவதானால் முதல் மாலையே போங்கள், மறுநாள் சரிபார்த்துத் திருத்த நேரம் வேண்டும்.

சைகோனில் ஒரு நாள் வழிகாட்டி வேண்டும், அது அமெரிக்காவும் இறங்கிய வியட்நாம் போரைப் புரிந்துகொள்வதற்காக. கெரில்லாப் போராளிகள் பதுங்கியிருந்த கூ சி சுரங்கம், போர் எச்சங்கள் அருங்காட்சியகம், 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாமின் டாங்கிகள் வாயிலை உடைத்து நுழைந்த மாளிகை. தெற்கில் பல குடும்பங்களில் போரின் இரு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். ஐம்பது வயதைக் கடந்த வழிகாட்டி கிடைத்தால் அவர் வீட்டுக் கதையையே கேட்கலாம். வற்புறுத்தாமல் கேட்க வேண்டும். சுரங்கத்துக்குள் குனிந்தும் தவழ்ந்தும் போக வேண்டியிருக்கும். மனைவி மேலேயே நின்று பார்க்கட்டும். அருங்காட்சியகத்தில் போரில் தெளித்த நச்சு ரசாயனத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் படங்கள் இருக்கும் தளம் மனதை மிகவும் அழுத்தும். இப்படியெல்லாம் இருக்கும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, பார்ப்பதா வேண்டாமா என்பதை மனைவியிடமே விட்டுவிடுங்கள். அன்றைக்கு வேறு எதையும் வைக்காதீர்கள். மறுநாள் பென் தான் சந்தையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ட்ரூவோங் தின் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அங்கே வணிகத்துக்குப் போன நம்மவர்கள் கட்டியது. இன்று வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். ஊதுபத்தியைக் கையில் பிடித்து, கருவறைக்குப் பின்புறச் சுவரில் நெற்றியைப் பதித்து, வாய்க்குள்ளேயே எதையோ சொல்லி வேண்டிக்கொண்டு நிற்பார்கள். நம் மாரியம்மனிடம் அவர்கள் வேண்டுவதைப் பார்க்க யாருடைய விளக்கமும் தேவையில்லை.

ஆகவே நீங்கள் கேட்ட இரண்டு பேக்கேஜில் எதையும் அப்படியே எடுக்காதீர்கள். ஹனோயில் ஒரு நாள், (நடுப்பகுதிக்குப் போனால்) மீ சோன் நாள், சைகோனில் போர் நாள் ஆகிய மூன்றுக்கும் தனி வழிகாட்டி. நான்காவது நாளை நின் பின்னுக்கோ ஹுவேக்கோ வைத்துக்கொள்ளுங்கள். ஹாலோங்குக்கு வேனில் இருக்கை மட்டும். விமான நிலையப் போக்குவரத்துக்குக் கார். மிச்சம் காலி. நிறுவனம் முதலில் முகம் சுளிக்கும். கேட்டால் செய்து தருவார்கள். முழுக்க பஸ்ஸில் போகும் பேக்கேஜை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் மற்ற பயணிகள் அல்ல. காலையில் ஒவ்வோர் ஓட்டலாக நின்று ஆள் ஏற்றுவதில் முக்கால் மணி நேரம் போகும். மனைவிக்குக் கால் வலித்தாலும் கூட்டத்தின் வேகத்துக்குத்தான் நடக்க வேண்டும்.

வழிகாட்டியிடம் 'போதும், நீங்கள் கிளம்புங்கள்' என்று சொல்ல நம்மவர்களுக்குக் கூச்சம். அவர்களுக்கோ சொல்லாமல் போனால் வேலையில் குறை வைத்ததாகிவிடுமோ என்ற பயம். அதனால் 'மாலை 5 மணிக்குப் பிறகு சேவை தேவையில்லை' என்று பயணத் திட்டத்திலேயே எழுத வைத்துவிடுங்கள். யாருக்கும் மனத்தாங்கல் வராது. முத்து, பட்டு, பளிங்கு, காபி என்று கடைகளுக்குக் கூட்டிப் போவது எல்லா ஊரிலும் உண்டு. வாங்கினால் கமிஷன் கிடைக்கும். ஹாலோங் போகும் வழியில் ஓய்வுக்கு நிறுத்தும் இடமே ஒரு பெரிய கடைதான். கழிவறைக்காக நிற்பதைத் தவிர்க்க முடியாது. மற்றவற்றை 'கடை நிறுத்தம் வேண்டாம்' என்று எழுதினால் தவிர்த்துவிடலாம். டிப்ஸ் கட்டாயமில்லை, ஆனால் எதிர்பார்க்கிறார்கள். பேக்கேஜில் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டு, கடைசி நாளில் உறையில் வைத்து இரண்டு கையாலும் கொடுங்கள்.

பணத்தாளில் ஓர் எச்சரிக்கை. 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் இரண்டும் நீல நிறம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். இருட்டில் டாக்சிக்குக் கொடுக்கும்போது இருபதாயிரத்துக்குப் பதில் ஐந்து லட்சத்தை நீட்டியவர்களை எனக்குத் தெரியும். இரண்டையும் பர்ஸில் தனித்தனி அறையில் வையுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். 'சைவம்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், மேலே இறைச்சித் துண்டு இல்லாமல் மீன் சாறு ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள். கெடுதலாகச் செய்வதில்லை. நுவோக் மாம் என்ற மீன் சாறு அவர்களுக்கு நமக்குப் பெருங்காயம் மாதிரி, அது இல்லாமல் கை வேலை செய்யாது. 'அன் சாய்' என்று சொல்ல வேண்டும். பௌத்த முறைப்படி மீனும் இறைச்சியும் சேர்க்காத உணவு என்று உடனே புரிந்துவிடும். 'சாய்' என்று பலகை மாட்டிய உணவகங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அங்கே சோயாவில் செய்த கோழியும் மீனும் அசலைப் போலவே இருக்கும். பார்த்ததும் மனைவி எழுந்து போய்விடாமல் முன்பே சொல்லிவையுங்கள். முட்டை சாப்பிட மாட்டார் என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் வழிகாட்டியிடம் இதையெல்லாம் வியட்நாம் மொழியில் ஒரு தாளில் எழுதி வாங்கி, கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் வழிகாட்டி இல்லாத நாளிலும் அதையே காட்டலாம்.

ஓட்டல் அறைக்கு 'டபுள்' என்று எழுத வேண்டும். இரண்டு தனிக் கட்டில் இருக்கும் அறைக்கு 'ட்வின்' என்று பெயர். பதிவுத் தாளில் எதுவும் எழுதாவிட்டால் எது காலியோ அது கிடைக்கும். திருமண நாளுக்குப் போன ஒரு தம்பதிக்கு மூன்று ஊரிலும் தனிக் கட்டில் அமைந்து, அவர்கள் வெட்கத்தில் யாரிடமும் கேட்காமலே திரும்பி வந்தார்கள். அந்தப் பதிவை அனுப்பியது நான். இன்றைக்கும் அது என் மனதை உறுத்துகிறது.

இந்தியர்களுக்கு இ-விசா இணையத்திலேயே கிடைக்கும். அரசுத் தளத்தில் ஒருமுறை நுழைவதற்குக் கட்டணம் 25 டாலர். அதைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் பல மடங்கு வாங்குகின்றன. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். விசா, விமான டிக்கெட், கப்பல் பதிவு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று உங்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தா நாங்குக்கும் ஹுவேக்கும் நடுவே உள்ள ஹாய் வான் கணவாயில் வாடகை மோட்டார் சைக்கிளில் இருவருமாகப் போகலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். வேண்டாம். நம் நாட்டில் தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949ஆம் ஆண்டின் சர்வதேசச் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்தப்படியானதை. விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். அதே கணவாயில் ஜன்னலைத் திறந்துவைத்துக் காரில் போனாலும் கடல் அதே கடல்தான்.

தேதியை மார்ச்சுக்கு மாற்றுவதாக முடிவானால் இங்கேயே எழுதுங்கள் அண்ணா, நடுப்பகுதியின் மூன்று நாட்களையும் மணிக்கணக்கோடு பிரித்துத் தருகிறேன். நவம்பர்தான் என்றால் நின் பின் திட்டத்தைத் தருகிறேன். அதற்கு முன் அக்காவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: மாலை நேரங்களில் அவருக்கு நடப்பது பிடிக்குமா, உட்கார்ந்து பார்ப்பது பிடிக்குமா? ஓட்டலைத் தெருவுக்குள் எடுப்பதா, ஆற்றைப் பார்த்த அறையாக எடுப்பதா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.